பெருங்காயத்தில் கலப்படம்

அக்டோபர் 11, புதன்

இந்த டைரியை இவர் ஜனவரியில் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தபோது, எனக்கு எதற்கு என்று பரணில் போட்டுவிட்டேன். இன்று தூசி தட்டி எடுத்ததற்குக் காரணம் பெருங்காயம். எழுதி வைத்தால்தான் நாளைக்கு ஆதாரம்.

இசக்கி அண்ணாச்சி கடையில் வாங்கிய கட்டிப் பெருங்காயம் மணக்கவில்லை. எண்ணெயில் போட்டேன், பொரிந்தது, அவ்வளவுதான். இன்னொரு துண்டு போட்டேன். அதற்கும் ஒன்றும் இல்லை. கோதுமை மாவையும் ஏதோ பிசினையும் பிசைந்து விற்கிறான் என்று தோன்றுகிறது. போன வாரம் முழுக்கக் காய்ச்சலில் படுத்துக் கிடந்தேன். அந்த நேரம் பார்த்து இவரிடம் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். இவருக்கு என்ன தெரியும்? மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். அமிலமும் உப்பும் தெரியும், அடுக்களை தெரியாது.

எங்கள் வீட்டில் சாமிக்குப் படைத்து, காக்கைக்கு வைத்த பிறகுதான் எதுவும் நாக்கில் படும். சமைக்கும்போது ருசி பார்ப்பது என் மாமியார் காலத்திலும் இல்லை, என் காலத்திலும் இல்லை. உப்புக்குக் கை அளவு, மற்றதற்கெல்லாம் மூக்கு. அடுப்பில் ரசம் இருந்தால் வாசலில் கோலம் போட்டுக்கொண்டே புளியின் பச்சை வாசனை போய்விட்டதா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட சங்கரவடிவிடம் போலிப் பெருங்காயத்தை விற்கப் பார்க்கிறார்கள்.

அக்டோபர் 12, வியாழன்

காப்பித் தூளும் சரியில்லை. வெந்நீர் குடித்தது போல இருந்தது. மத்தியானம் ரசம் வைத்தேன். பச்சை வாசனை சீக்கிரமே போய்விட்டது, புளி மட்டும் நல்ல புளி போலிருக்கிறது. கொதி வந்ததும் இறக்கிவிட்டேன். இவர் ராத்திரி அந்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு மூன்று செம்பு தண்ணீர் குடித்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "ம்" என்றார். இந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 14, சனி

பெருங்காயத்தை எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன். இசக்கி அண்ணாச்சி வாங்கி மூக்கருகே கொண்டுபோய், தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மதினி, கடை பூராவும் மணக்கு. இதுல என்ன கொறையக் கண்டீக?"

"மணக்கா? எங்க மணக்கு? எனக்கு மணக்கலையே!"

"சளி புடிச்சிருக்கா மதினி?"

சளியாம். சரக்கில் கோளாறு என்றால் வாங்குகிறவள் மூக்கில் பழி. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் வேறு அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டு அண்ணாச்சி பக்கம் பேசினார்கள். அவருடைய ஆட்களாகத்தான் இருக்கும். பாளையங்கோட்டையில் இது ஒன்றுதான் கடையா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

பால்காரர் மேலும் ஒரு கண் வைக்க வேண்டும்.

அக்டோபர் 18, புதன்

மகள் மங்கை மதுரையிலிருந்து பேசினாள். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையோடு சம்பந்தியம்மாவும் வருகிறார்களாம். "ஒங்க சொதிக்காகத்தான்மா வாராக. கல்யாணத்துல மறுவீட்டுச் சொதி நல்லா இல்லன்னு இன்னமும் சொல்லிக் காட்டுதாக" என்றாள்.

மறுவீட்டு விருந்துக்கு ஆள் வைத்துச் சமைத்தோம். தேங்காய்ப்பால் திரிந்து, சொதி மோர்க்குழம்பு போல ஆகிவிட்டது. அன்றைக்கு நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "தலைதீபாவளிக்கு வாங்க மதினி, என் கையால வச்சுத் தாரேன்" என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். அந்தம்மா எதையும் மறக்கிற ரகம் இல்லை. சொதி சொதப்பினால் மங்கை ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நல்ல பெருங்காயமும் நல்ல தேங்காயும் கிடைக்கிற கடையை அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

அக்டோபர் 20, வெள்ளி

இவர் டிபன் பாக்ஸ் கழுவித் திரும்பி வருகிறது. மூன்று நாளாகக் கவனிக்கிறேன். இருபத்தேழு வருஷத்தில் ஒரு நாள் கழுவியதில்லை. சாப்பிட்டவன் எதற்குக் கழுவ வேண்டும்? கொட்டியவன்தான் கழுவுவான்.

அப்படியானால் மத்தியானம் எங்கே சாப்பிடுகிறார்?

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. சுண்டல், பொரி, அவல். சூடமும் கலப்படம். எரிகிறது, புகை வருகிறது, மற்றது ஒன்றும் இல்லை. நான் தீபம் காட்டும்போது இவர் சாமியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார்.

அக்டோபர் 26, வியாழன்

பால் அடிப்பிடித்துவிட்டது. நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றேன். இவர் வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். மங்கையை நினைத்துக்கொண்டு நின்றதில் கவனிக்கவில்லை என்று சொன்னேன். அது உண்மைதான். மங்கையை நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.

அக்டோபர் 27, வெள்ளி

சாயங்காலம் இவர் ஆறரை மணிக்கு வந்தார். ஐந்து மணிக்கு வருகிறவர். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வடிவு, எதாவது தெரியுதா?"

"என்ன தெரியணும்?"

"இல்ல, வீட்டுக்குள்ள புதுசா எதாவது..."

புதுச் சட்டையா என்று பார்த்தேன். பழைய நீலச் சட்டைதான். முடி வெட்டிக்கொள்ளவும் இல்லை. "ஒண்ணும் தெரியலையே" என்றேன். அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை. என்னை எதற்கோ ஆழம் பார்க்கிறார்.

அக்டோபர் 28, சனி

நீலச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பைக்குள் ஒரு பூ. பச்சையும் மஞ்சளுமாக, நீள இதழ். மனோரஞ்சிதம். பாக்கெட்டிலேயே கிடந்து வாசனை எல்லாம் போய்விட்டிருந்தது.

கல்யாணமான புதிதில்கூட எனக்கு ஒரு முழம் பிச்சி வாங்கி வந்தவர் இல்லை இந்த ஆவுடையப்பன். இந்தத் தெருவில் மனோரஞ்சிதக் கொடி ஒரே வீட்டில்தான் இருக்கிறது. எங்கள் பக்கச் சுவரை ஒட்டிய வீடு. ஜெபமணி டீச்சர் வீடு. இவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நன்றாகச் சிரிப்பார்.

பூவை டைரிக்குள் வைத்திருக்கிறேன். ஆதாரம்.

அக்டோபர் 30, திங்கள்

மொட்டை மாடியில் வத்தல் காயப்போடுகிற சாக்கில் நான்கு மணியிலிருந்து நின்றேன். ஐந்தேகாலுக்கு இவர் சைக்கிள் எங்கள் வாசலைத் தாண்டிப் போய் டீச்சர் வீட்டு வாசலில் நின்றது. ஆறேகால் வரைக்கும் நின்றது. வீட்டுக்கு வந்தவர் விரலில் மஞ்சள் கறை.

"ஏன் நேரமாச்சு?"

"லேபுல ஸ்டாக் எடுக்காக."

லேபில் மஞ்சள்பொடியா ஸ்டாக் எடுக்கிறார்கள்? கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார். ஆனால் ராத்திரி சோறு இறங்கவில்லை. இப்போதெல்லாம் சோறு எப்போதுமே இறங்குவதில்லை, அது வேறு விஷயம்.

நவம்பர் 1, புதன்

காலையில் இவர் என் கையைத் தட்டிவிட்டார். கையிலிருந்த தீப்பெட்டி தெறித்து விழுந்தது. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவை. எதற்காக என்று எழுதப் போவதில்லை.

நவம்பர் 3, வெள்ளி

இரண்டு நாளாக இவர் எனக்கு முன்னால் ஐந்து மணிக்கே எழுந்து அடுக்களையில் பேப்பரோடு உட்கார்ந்துவிடுகிறார். காவல்காரர் மாதிரி.

குளிக்கப் போன நேரத்தில் அவர் பையைத் திறந்தேன். மேலாகவே ஒரு சின்னச் சம்படம் இருந்தது. எங்கள் வீட்டுச் சம்படம் இல்லை. உள்ளே புளிமிளகாய். பச்சைமிளகாயைக் கீறி வதக்கி, புளி விட்டுச் சுண்ட வைத்து, வெல்லம் கொஞ்சம் சேர்த்தது. நான் இதைச் செய்து பத்து வருஷம் இருக்கும். இவருக்கு வயிற்றுப்புண் வந்ததிலிருந்து விட்டுவிட்டேன்.

எந்தக் கை செய்தது என்று பார்த்துவிடலாம் என்று ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன். சாமிக்குப் படைக்காததுதான். ஆத்திரத்தில் அதெல்லாம் நினைவில்லை.

புளித்தது. பிறகு சுரீர் என்று உறைத்தது. கடைசியில் அடிநாக்கில் லேசான தித்திப்பு. காதெல்லாம் சூடாகி மூக்கில் நீர் வந்துவிட்டது. ஒரு மாதமாக என் வாயில் எதுவும் இப்படி நடக்கவில்லை. அப்படியே நின்று மூன்று மிளகாய் தின்றேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். என் சாப்பாடெல்லாம் சக்கையாக இருக்க, அவள் சாப்பாட்டுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த ருசி?

நவம்பர் 5, ஞாயிறு

சம்படத்தில் இன்றைக்கும் இருந்தது. பழைய சோற்றில் தயிரை ஊற்றி, சுண்டைக்காய் வத்தலை மொறுமொறுவென்று வறுத்துப் போட்டு, எதிரியின் புளிமிளகாயைத் தொட்டுக்கொண்டு இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். சில்லென்று, புளிப்பாக, கசப்பாக, கறுக்மொறுக்கென்று சத்தத்தோடு. வயிறும் மனசும் நிறைந்தது. சாப்பிட்டு முடித்ததும் வெட்கமாக இருந்தது.

சம்படத்தை அவர் பையில் இருந்தபடியே வைத்துவிட்டேன். குறைந்திருப்பது தெரியாத மாதிரி மிளகாயைப் பரத்தி வைத்தேன்.

நவம்பர் 7, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு ஐந்து நாள்தான். சம்பந்தி வீட்டார் வந்திருக்கும்போது இது வெடித்தால் மங்கை வாழ்க்கை என்னாவது? முன்னாலேயே முடித்துவிடலாம் என்று காலையிலேயே இவர் பையிலிருந்து சம்படத்தை எடுத்து ஒளித்து வைத்திருந்தேன். ஐந்தரை மணிக்கு அதையும் பூ வைத்த டைரியையும் எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். முன்வாசல் பக்கம் போகவில்லை. கொல்லைப்பக்கம் அடுக்களைக் கதவு திறந்திருந்தது.

உள்ளே இவர் அடுப்புக்கு முன்னால் நிற்கிறார். லேபில் போடுகிற வெள்ளைக் கோட்டு. கையில் ஸ்டாப்வாட்ச். கொதிக்கிற பாத்திரத்துக்குள் மூக்கு விழுந்துவிடும் போலக் குனிந்திருக்கிறார். ஜெபமணி டீச்சர் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்குகிறார்.

"பதினோரு நிமிசம். இப்ப இல்ல டீச்சர், சுத்தமாப் போயிட்டு."

"நல்லா மோந்து பாருங்க சார். மொதல் தடவையும் இப்படித்தான் சொன்னீங்க, அப்புறம் வாயில வச்சா பச்சையா இருந்துது."

"என்னத்த மோந்து பாக்கீக?" என்றேன்.

இவர் திரும்பினார். "ரசம், வடிவு" என்றார். கரண்டி கையிலேயே இருந்தது. திருடன் பிடிபட்டால் இப்படித்தான் முழிப்பான்.

என்னென்னவோ கேட்க வைத்திருந்தேன். சம்படத்தை மேடைமேல் ணங்கென்று வைத்தேன். "இது யாரு செஞ்சது?"

"நான்தான்" என்றார் இவர்.

"சார்தாங்க செஞ்சாங்க" என்றார் டீச்சர். "மூணு தடவ கருக்கி, நாலாவதுதான் வந்துது. வாசனை போயிட்டாலும் புளிப்பு, உறைப்பு, கசப்பெல்லாம் நாக்குல அப்படியே இருக்கும்னு எங்கயோ படிச்சிட்டு வந்தாங்க. நீங்க பை சோதிப்பீங்க, கண்ணுல படட்டும்னுதான் மேலாப்புல வச்சிக் கொண்டுவந்தாங்க. மிளகாய் குறையுதுன்னு தெனமும் வந்து சொல்லி ஒரே சந்தோசம்."

டீச்சர் தன் நாற்காலியை எனக்குத் தள்ளிப் போட்டு, ஒரு நோட்டை மடியில் வைத்துவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடத்து ரெகார்டு நோட்டு. இவருடைய குண்டுக் கையெழுத்து.

"சோதனை 4. ரசம். நோக்கம்: புளியின் பச்சை வாசனை எப்போது போகிறது என்று கண்டறிதல். உற்றுநோக்கல்: 4 நிமிடம், வாசனை இருக்கிறது. 8 நிமிடம், பாதி. 11 நிமிடம், இல்லை. அப்போது நுரை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுங்குகிறது. முடிவு: வடிவு நுரையைப் பார்த்தால் போதும்."

"சோதனை 6. பெருங்காயம். பாசிப்பருப்பு அளவு ஒரு துண்டு. மணக்கவில்லை என்று இரண்டாவது துண்டு போடக் கூடாது."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புரட்டினேன். சாம்பார், வத்தக்குழம்பு, வறுத்து அரைக்கிற மல்லி, எள்ளு. ஒவ்வொன்றுக்கும் நிமிடம், நிறம், சத்தம். கடைசிப் பக்கத்தில் இரண்டே இரண்டு.

"சோதனை 13. தேங்காய் காறல். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. முடிவு: இதற்கு ஆள் வேண்டும். நான் இருக்கிறேன்."

"சோதனை 14. காஸ். இதற்கு நிமிடக் கணக்கு கிடையாது. நான் காலையில் ஐந்து மணிக்கு எழுந்துகொள்ள வேண்டும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ கடைக்காரரச் சந்தேகப்பட்ட, பால்காரரச் சந்தேகப்பட்ட, சூடத்தக்கூட விடல. ஒம் மூக்க மட்டும் நீ சந்தேகப்படல. அதப் போய் நான் எப்படிச் சொல்ல? பூவக் கொண்டாந்து சோதிச்சுப் பாத்த அன்னைக்கு எனக்கே தாங்கல, வடிவு. தீபாவளி முடியட்டும்னு நெனச்சேன்."

"அந்தப் பூ அதுக்குத்தானா?"

"பையிலதான வச்சிருந்தேன். தெருவே மணந்துது."

நான் பூவை எதற்கென்று நினைத்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

நவம்பர் 8, புதன்

எனக்கு வாசனை தெரியவில்லை. காய்ச்சல் விட்ட மறுநாளிலிருந்து.

எழுதிவிட்டேன். முதல் நாளே தெரியும். தலைக்குக் குளித்துவிட்டு வந்து சூடம் ஏற்றினேன், ஒன்றும் வரவில்லை. சந்தனத்தை, விபூதியை, என் சேலையை மோந்து பார்த்தேன். பெருங்காயத்தைப் பார்த்தது அதற்கெல்லாம் பிறகுதான். ருசி பார்த்தறியாதவளுக்கு மூக்கும் போனால் அடுக்களையில் அவள் யார்? கடைக்காரர் திருடன் என்று இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன்.

ஒன்றாம் தேதி நடந்ததும் இதுதான். பால் பொங்கி அடுப்பு அணைந்து காஸ் மட்டும் வந்துகொண்டிருந்திருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்து முடித்து, எழுந்து தீப்பெட்டியை எடுத்தேன். இவர் வந்து தட்டிவிட்டார்.

சாயங்காலம் டாக்டரிடம் போனோம். சிலருக்குக் காய்ச்சலில் இப்படி ஆகுமாம். ஆறு மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். நல்ல டாக்டர்தான் என்று தோன்றியது.

நவம்பர் 10, வெள்ளி

ரெகார்டு நோட்டைப் பார்த்து ரசம் வைத்தேன். நுரை ஓரத்துக்குப் போனதும் இறக்கினேன். இவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். தண்ணீர் ஒரு தம்ளர்தான்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

இப்போதுதான் எல்லோரும் ரயிலுக்குக் கிளம்பிப் போனார்கள். கை ஓய்ந்துவிட்டது, ஆனாலும் எழுத வேண்டும்.

மூன்று தேங்காய் உடைத்தோம். இரண்டாவது தேங்காயை இவர் மோந்துவிட்டு, "வேண்டாம்" என்றார். பால் போல வெள்ளையாகத்தான் இருந்தது. நான் மட்டும் இருந்திருந்தால் துருவிப் பிழிந்து மொத்தச் சொதியிலும் ஊற்றியிருப்பேன். எடுத்து அப்பால் வைத்தேன். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

மூன்றாம் பாலில் காய் வெந்தது. இரண்டாம் பால், பாசிப்பருப்பு, இஞ்சிச் சாறு. தலைப்பால் ஊற்றிய பிறகு கொதிக்க விடாமல் ஓரத்தில் முத்து கட்டும்போது அடுப்பை அணைத்தேன். இவர் ஒவ்வொரு பாத்திரமாகக் குனிந்து பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தார். அப்போதுதான் வாசற்படியில் சம்பந்தியம்மா நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நிற்கிறார்களோ தெரியவில்லை.

"என்ன மதினி இது? படைக்கதுக்கு முன்னால அண்ணாச்சி எல்லாத்தையும் மோந்து மோந்து பாக்காக? ஒங்க வீட்டு வழக்கமா?"

இவர் வாயைத் திறந்தார். ஏதோ பொய்தான் சொல்லியிருப்பார். லேபு, ஸ்டாக்கு என்று. மங்கை பின்னால் வந்து நின்று என்னைப் பார்த்தாள். அவளிடமும் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"எனக்கு வாசனை தெரியாமப் போயிட்டு மதினி" என்றேன். "காய்ச்சல்ல போனது. இவுகதான் இப்ப எனக்கு மோந்து சொல்லுதாக. சாமி கோவிச்சுக்கிட்டா என்னயக் கோவிச்சுக்கிடட்டும்."

சம்பந்தியம்மா உள்ளே வந்து, மங்கையை இலை போடச் சொல்லி அனுப்பிவிட்டு, என் காதருகே குனிந்தார்கள்.

"எனக்கு ரெண்டு வருசமா எடது காது கேக்காது. ஒங்க மாப்பிள்ளைக்கே தெரியாது. யார்ட்டயும் சொல்லிராதீக."

சாமிக்குப் படைத்தோம். சம்பந்தியம்மா சொதியை மூன்று தடவை கேட்டு வாங்கினார்கள். புளிமிளகாயில் அரைச் சம்படத்தைக் காலி செய்துவிட்டு, "இது யாரு செஞ்சது?" என்று கேட்டார்கள். இவர் கையைத் தூக்கினார். நான் சம்பந்தியம்மாவுக்கு வலது பக்கமாகப் போய் உட்கார்ந்து, எப்படிச் செய்தார் என்பதைச் சத்தமாகச் சொன்னேன்.

ஜெபமணி டீச்சருக்குத் தூக்குவாளியில் சொதி கொடுத்தனுப்பினேன். பழைய பூவைப் பற்றி அவரிடமும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

நவம்பர் 15, புதன்

ஒரு மாதம் கழித்து இசக்கி அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் என்னைக் கண்டதும் தராசுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"கட்டிப் பெருங்காயம் அம்பது கிராம் குடுங்க அண்ணாச்சி."

எடுத்து, பொட்டலம் கட்டாமல் என் முன்னால் நீட்டினார். "மோந்து பாத்துக்கிடுங்க மதினி. அப்புறம் வந்து சண்ட போடக் கூடாது."

"வேண்டாம், கட்டுங்க" என்றேன். "வீட்டுல அவுக பாத்துக்கிடுவாக."